வானத்துப் புரோட்டானும் புதூர்நாட்டுச் சாமையும்

என்னைப் பொய்க்காரி என்று மிகவும் நாகரிகமான சொற்களில் எழுதியிருந்த ஒரு கடிதம்தான் என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பியது. எழுதியவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர். "நீங்கள் காட்டியிருக்கும் உயர்வு உலகின் வேறெந்த நிலையத்திலும் பதிவாகவில்லை. அந்தக் கருவியை நீங்கள் எப்போதாவது நேரில் பார்த்ததுண்டா?" என்று கேட்டிருந்தார். பார்த்ததில்லை. பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பத்து வருடமாக அதன் எண்களை வைத்துத்தான் பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். என் ஆராய்ச்சி பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையத்தில் மாட்டிக்கொண்ட புரோட்டான்களைப் பற்றியது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நம் காற்றில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறுகின்றன. சில கீழே வருகின்றன, சில மேலே போகின்றன. மேலே போவதில் சில வழியிலேயே உடைந்துவிடும். உடைந்ததில் மிஞ்சும் புரோட்டானைப் பூமியின் காந்தம் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்படி மாட்டியது மாதக்கணக்கிலும் இருக்கும், உயரத்தில் மாட்டியது என்றால் பல வருடங்களும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இவற்றின் தொகை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் மேல்காற்று சூடாகி உப்பி, புரோட்டான்களை விழுங்கிவிடும். சூரியன் அடங்கிய ஆண்டுகளில் காற்று சுருங்கும், புரோட்டான்கள் பெருகும். இது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நான் ஒரு படி மேலே போய், அழிவு குறைவதோடு வரத்தும் திடீரென்று கூடுகிறது என்று எழுதினேன். அதற்கு என்னிடம் இருந்த சாட்சி ஒன்றே ஒன்று. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், என்னோடு லண்டனில் படித்த சென்னை நண்பர் வைத்த நியூட்ரான் எண்ணும் கருவி. கீழே வருவது கூடினால் மேலே போவதும் கூடியிருக்கும் என்பது என் கணக்கு. எழுபதுகளின் நடுவில் அதன் எண்ணிக்கை சட்டென்று உயர்ந்தது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் தரவில் புரோட்டான்கள் பெருகத் தொடங்கின. என் பெயரில் இருந்த ஒரே கண்டுபிடிப்பு அதுதான். அது பொய் என்றால் நான் வெறும் வாத்தியாரம்மா. அந்த பயத்தோடுதான் மார்கழி கடைசியில் திருப்பத்தூரில் வந்து இறங்கினேன்.

பேருந்து நிலையத்து எதிரே ஒரு பாய் கடையில் டீ குடித்தேன். எங்கள் பினாங்கு டீயில் பால் ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம் என்று சண்டை போடும். இங்கே எல்லாம் ஒன்றாகக் கொதித்து ஏலக்காயோடு வந்தது. கடைக்காரர் என் சேலைக்கட்டைப் பார்த்துவிட்டு உள்ளே யாரிடமோ உருதுவில் ஏதோ சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கேட்காமலே மொழிபெயர்த்தார். "பேச்சு நம்ம பேச்சாத்தான் கீது, ஆனா ஊரு வேற. பாவம், எதையோ தொலைச்சிட்டு வந்தவங்க மாதிரி கீறாங்கன்றாரு." நான் இன்னும் தொலைக்கவில்லை என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

மலைக்குப் போகும் ஜீப்பை ஓட்டியவர் பெயர் அந்தோணி. அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர். கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் இன்னும் வண்டி முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பில் பதினான்கு பேர், இரண்டு ஆடு, ஒரு தபால் பை. முன் இருக்கையில் என்னையும் சேர்த்து நான்கு பேர். கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்காலிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மாற்றினார்.

மூன்றாவது வளைவில் வண்டி ஏற மறுத்தது. அந்தோணி அலட்டிக்கொள்ளவில்லை. எல்லோரையும் இறக்கினார், ஆடுகள் மட்டும் உள்ளேயே இருந்தன. வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டு, பின்பக்கமாகவே மலை ஏறத் தொடங்கினார். "முன் கியருக்குத் தெம்பு இல்லம்மா. பின் கியருதான் உஷாரா கீது. நீங்க பொறுமையா நடந்து வாங்க" என்றார். பட்டம் வாங்கியவள், மாநாடுகளில் பேசியவள், பின்னால் போகும் ஜீப்பின் முகத்தைப் பார்த்தபடி அரை மைல் நடந்தேன். ஆடுகள் என்னைப் பார்த்துக்கொண்டே போயின.

ஊரில் இறங்கியதும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளையன் எங்கே என்று கேட்டேன். மெலிந்த, உயரமான மனிதர், ஐம்பது வயது இருக்கும். தோளில் மண்வெட்டியோடு நின்றார். நான் யார் என்று சொன்னதும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

"வர்றேன்னு ஒரு காயிதம் போட்டிருக்கலாமேம்மா."

"மூன்று வாரத்துக்கு முன்னாலேயே போட்டேனே, அண்ணே."

அப்போது அந்தோணி தபால் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பினாங்கு முத்திரை குத்திய என் கடிதம். நானும் அதுவும் ஒரே ஜீப்பில் வந்திருக்கிறோம். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்ததை அன்று நான் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாடு அவர் வீட்டில். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். வெள்ளையனின் மனைவி குப்பம்மா பேச்சில் சிக்கனம், பரிமாறுவதில் தாராளம். "ஒண்டியாவா வந்தீங்க? அம்மாந்தூரத்துலருந்தா?" என்று ஒரு முறை கேட்டார். அதற்குப் பிறகு என் தட்டு காலியாக அவர் விடவேயில்லை. எங்கள் ஊரில் சாமை என்றால் பறவைத் தீனிக் கடையில் தேட வேண்டும். இங்கே அது கையில் ஒட்டாமல், சூடாக, லேசான மண் வாசனையோடு இருந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். குளிருக்கு அவர்கள் கொடுத்த கம்பளியில் ஆட்டு வாடை அடித்தாலும் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, தினம் எண்ணிக்கை எழுதும் நேரத்தில், வெள்ளையன் என்னைக் கருவி இருக்கும் அறைக்கு அழைத்துப் போனார். ஊர் அதை மெஷின் வூடு என்கிறது. கான்கிரீட் கூரை, இரும்புக் கதவு. எலி ஒயரைக் கடித்துவிடக் கூடாது என்று நண்பர் ஒரு பொட்டு இடுக்கு விடாமல் கட்டியிருந்தார். வெள்ளையன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திறந்தார்.

உள்ளே கருவியைக் காணோம். இருந்ததெல்லாம் மூட்டைகள்தான். தரையிலிருந்து மார்பளவுக்குச் சுவரோரம் சுற்றிலும் அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு ஆள் போகும் வழி. அதன் கடைசியில் மெழுகுப் பலகைகளுக்குள் படுத்திருந்த குழாய்கள், லாரி பாட்டரி, எண்கள் உருளும் சின்னப் பெட்டி. அது டிக் டிக்கென்று தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"சாமைம்மா. ஊரு வெத மூட்டையும் இதுலதான் கீது. எங்க வூடெல்லாம் கூரை. எலி துன்னுடும், மழைக்கு ஒழுவும். இது ஒண்ணுதான் கெட்டியான வூடு."

"எத்தனை வருஷமாக?"

"கட்டின மறுவருசத்துலருந்தே."

"என் நண்பருக்குத் தெரியுமா?"

வெள்ளையன் தரையைப் பார்த்தார். "அய்யா வருசா வருசம் கோடையில வருவாரு. வர்றேன்னு காயிதம் வரும். பெரியவங்க வர்ற எடத்துல மூட்டையப் போட்டு வெக்கலாமா? எல்லாத்தையும் வெளிய எடுத்து, கழுவி, சுண்ணாம்பு அடிச்சு வெப்போம். அவரு போனதும் திருப்பி வெப்போம். மெஷினத் தொட்டதில்லம்மா. ஒரு நாளும் தொட்டதில்ல."

அவர் சொன்னது உண்மை. கருவி மேல் ஒரு தூசி இல்லை. ஆனால் நியூட்ரானைத் தடுக்கக் கருவியைத் தொட வேண்டியதில்லை. ஈரமும் மாவும் உள்ள எந்தப் பொருளும் போதும். தண்ணீர், மெழுகு, தானியம், எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. நியூட்ரான் அதில் மோதி மோதித் தன் வேகத்தை இழந்து, கருவிவரை வந்து சேராமலே போய்விடும். நம் பூமத்திய ரேகைப் பக்கத்து ஊர்களில் சூரியனால் இந்த எண்ணிக்கையில் வரும் மாற்றம் மிகச் சிறியது. ஓர் அறை நிறையச் சாமை அதே அளவு மாற்றத்தைத் தாராளமாக உண்டாக்கிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதை வெள்ளையன் மேல் காட்டினேன். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள் என்றேன், கொஞ்சம் உரக்கவே. அவர் போய் ஆட்களைக் கூட்டி வந்தார். முதலில் மூட்டைகள் உள்ளே இருக்கும்போதே மதியம்வரை எண்ணினேன். பிறகு ஊரே சேர்ந்து மூட்டைகளைத் தூக்கி வெயிலில் போட்டது. பெண்கள் கோழிகளை விரட்டிக்கொண்டு காவல் இருந்தார்கள். வெறும் அறையில் மாலைவரை மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை கூடியிருந்தது. பேராசிரியர் நம்ப மறுத்த என் உயர்வு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு.

அதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் எழுதினேன். நல்ல காலத்தில், வருடம் தவறாமல் அறுவடைக்குப் பிறகு எண்ணிக்கை இறங்கி, மழைக்கு முன்னால் மெல்ல ஏறும். அது பருவத்து ஈரப்பதம் என்று முடிவுகட்டி, கணக்கில் தட்டிச் சமன் செய்துவிட்டேன். ஒரே ஒரு வருடம் அது இறங்கவில்லை. அந்த வருடத்தைத்தான் கண்டுபிடிப்பு என்று அறிவித்தேன்.

கோழிகள் அடைய வரும் நேரத்தில் மூட்டைகளைத் திரும்ப உள்ளே வைத்தார்கள். நானும் ஒன்றைத் தூக்கப் பார்த்தேன். குப்பம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உங்களுக்குப் பழக்கமில்ல, இடுப்பு புடிச்சிக்கும்" என்றார். காலையில் நான் போட்ட சத்தத்தை அவர் மறந்திருக்க முடியாது. ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை நாஷ்டாவுக்குக் கேழ்வரகுக் களி. அதை முடித்துவிட்டு, வெள்ளையன் எழுதி வைத்திருந்த நோட்டுகளை வாங்கி முற்றத்து வெயிலில் உட்கார்ந்தேன். எனக்கு இத்தனை நாளும் வந்ததெல்லாம் நண்பரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்த நகல். அசலை இப்போதுதான் பார்க்கிறேன். மூன்றாம் வகுப்பு படித்த மனிதரின் குண்டு குண்டான எண்கள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. பினாங்கில் என் ஆய்வுக்கூட உதவியாளர் வாரம் ஒரு நாளாவது மறப்பார்.

என் கேள்வி இப்போது வேறாகிவிட்டது. எந்த மாதம் மூட்டை இருந்தது, எந்த மாதம் இல்லை என்று தெரிந்தால் பழைய எண்களைத் திருத்திவிடலாம். உயர்வு போய்விடும். ஆனால் பத்து வருட அளவீடு முழுவதும் குப்பைக்குப் போகாது. உயர்வு காட்டிய அந்த வருடம் பஞ்சம், அறையில் மூட்டையே இல்லை என்று வெள்ளையன் சொல்லியிருந்தார். அதற்கு என்ன சாட்சி? ஞாபகத்தைப் பேராசிரியர் ஏற்றுக்கொள்ள மாட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பக்கங்களைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒரு தை மாதத்தில் சில நாட்களுக்கு மட்டும் கையெழுத்து வேறு. மெலிந்து சாய்ந்த எண்கள். இன்னொரு வருடம் பங்குனியிலும் அப்படியே.

"இது யார் எழுதினது, அண்ணே?"

"எங்க பங்காளி. அது எங்கம்மா செத்தப்போ. தோ இது என் தம்பி போனப்போ. எங்க சனத்துல, வூட்டுல சாவு உயுந்தா கருமாதி ஆவற வரைக்கும் வெத கீற எடத்துக்குள்ள போவக்கூடாது. வெதைக்கு ஆவாது. அதனால அவன எழுதச் சொல்ட்டேன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு வேண்டிய சாட்சி கையில் கிடைத்துவிட்டது போல இருந்தது. சாவு விழுந்து கையெழுத்து மாறினால் அறையில் விதை இருந்திருக்கிறது. சாவு விழுந்தும் மாறவில்லை என்றால் விதை இல்லை. நோட்டே சாட்சி சொல்லும். ஒரு புதிர் அவிழும் சந்தோஷத்தில், எதிரில் இருப்பவர்கள் யார் என்பதே எனக்கு மறந்துபோனது. பஞ்ச வருடத்து நோட்டை அவசரமாகப் பிரித்தேன். ஒரே கையெழுத்து, வருடம் முழுக்க.

"அப்போ இந்த வருஷம் உங்கள் வீட்டில் யாரும் சாகவில்லையா?" என்று கேட்டேன். சந்தைக்கடையில் விலை கேட்பது போலக் கேட்டேன்.

பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த குப்பம்மாவின் கை நின்றது.

"செத்துச்சி" என்றார் வெள்ளையன். "பொண்ணு. ஏழு வயசு."

குப்பம்மாதான் பிறகு சொன்னார். "ரெண்டு வருசமா மழ இல்ல. மொதல்ல துன்ற சாமை தீந்துச்சி. அப்பால கெழங்கு தோண்டித் துன்னோம். அதுவும் தீந்துச்சி. கடைசில வெதச் சாமையும் எடுத்துக் கஞ்சி காச்சிட்டோம். வெதயத் துன்னா அப்பால இன்னா கீது? வவுத்தால போயி, ஜொரம் வந்து, மாசி மாசம் போய்ட்டா. ராணின்னு பேரு."

நான் நோட்டைப் பார்த்தேன். மாசி மாதம். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. வெள்ளையனே கையை நீட்டி ஒரு வரியைத் தொட்டார். எட்டு மணி என்று போட்டு, அதன் எதிரே எண். அதே குண்டு எழுத்து. ஒரு எண்கூட அடித்துத் திருத்தவில்லை.

"அன்னைக்குமா போனீர்கள்?"

"எட்டு மணிக்கு எழுதணும்னு அய்யா சொல்லியிருந்தாரே. வெத இருந்திருந்தா பங்காளியத்தான் அனுப்பியிருப்பேன். வெததான் இல்லியே. வெறும் வூடு. நான் போவலாம்."

அந்த மாதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வரைபடத்தில் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்த புள்ளி அது. சிவப்பு மையால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, ஒரு பெரிய அரங்கில் திரையில் காட்டியிருக்கிறேன். வரத்து உச்சத்தைத் தொட்ட மாதம் என்று சொன்னேன். கை தட்டினார்கள். நான் சிரித்தபடி குனிந்து வணங்கினேன். அதை இவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தைரியம் இல்லை. நோட்டை மூடிவிட்டுக் குப்பம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து மொச்சை உரித்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நேற்றைய சத்தத்துக்கு என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "இம்மாந்தூரம் வந்து எண்ணுறீங்களே, அது இன்னாதும்மா?"

வானத்தில் மிகவும் உயரே கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மாட்டிக்கொண்டு சுற்றுகின்றன, சில வருடம் கூடும், சில வருடம் குறையும், ஏன் என்று பார்க்கிறோம் என்றேன்.

"சாவாதா அது?"

"சாகும். ஆனால் ரொம்ப உயரத்தில் இருப்பது பல வருஷம் இருக்கும். அந்த மாசியில் மாட்டியதுகூட இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்."

ஏன்தான் அந்த மாதத்தைச் சொன்னேனோ. குப்பம்மா தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பட்டப்பகல் வானம், ஒரு மேகம்கூட இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் காயை எடுத்தார்.

கிளம்பும் நாள் காலையில் வெள்ளையன் மெஷின் வீட்டு வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "எங்களால உங்க வேலை கெட்டுப்போச்சாம்மா? சொல்லுங்க, மூட்டைய வேற எங்கனா வெச்சிக்கறோம்" என்றார். வேறு எங்கேயும் வைக்க இடமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூட்டை இங்கேயே இருக்கட்டும், ஏற்றும்போதும் இறக்கும்போதும் நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும் என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்தோணி ஹார்ன் அடித்தார். இறக்கத்தில் வண்டி முன்பக்கமாகவே போனது. அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். என்ன பேசினார் என்று ஞாபகம் இல்லை.

பினாங்கு திரும்பியதும் பேராசிரியருக்கு எழுதினேன். உங்கள் சந்தேகம் சரி, அந்த உயர்வு வானத்திலிருந்து வந்ததல்ல, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். கருவி அறையில் வழக்கமாக இருக்கும் தானியம் அந்த மாதங்களில் இல்லை. திருத்திய எண்களை இணைத்திருக்கிறேன். திருத்திய பின் என் புரோட்டான்கள் எல்லோருடைய புரோட்டான்களையும் போலத்தான் நடந்துகொண்டன. மேல்காற்று சுருங்கியபோது பெருகின, உப்பியபோது குறைந்தன. நான் சேர்த்த புதுமை எதுவும் மிஞ்சவில்லை.

அவர் பெருந்தன்மையான மனிதர். நேர்மையைப் பாராட்டிப் பதில் எழுதினார். கடைசியில் ஒரே ஒரு விளக்கம் மட்டும் கேட்டிருந்தார். அந்த மாதங்களில் அறையில் தானியம் இல்லை என்பது எப்படி உறுதியாகத் தெரியும்?

நியாயமான கேள்வி. நான்கு நாள் யோசித்து இரண்டு வரியில் பதில் எழுதினேன். "பதிவேடு எழுதுபவரின் மகள் அந்த மாதம் பசியால் இறந்தாள். அன்று காலையும் அவரே அந்த அறைக்குள் போய் எண்ணை எழுதியிருக்கிறார்."

இது எப்படிச் சாட்சியாகும் என்று அவருக்கு விளங்கியிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.